கடல் முயல் தின்ற பாசி

ஓர் உயிரினத்தைக் கூண்டில் வளர்க்க முனைந்தவர்கள் எல்லாரும் முதலில் கற்ற பாடம், அதன் இரையை வளர்க்காமல் அதனை வளர்க்க முடியாது என்பதே. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இது வெளிப்படையான செய்தி. கடலில் இதைக் கண்டறிய மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தத் தாமதத்தை விளங்கிக்கொள்ளக் கடல் முயலின் வரலாறு மிகவும் ஏற்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் அதனை நஞ்சு என்றனர், மந்திரப் பொருள் என்றனர், நினைவாற்றலின் திறவுகோல் என்றனர், புற்றுநோய் மருந்தின் ஊற்று என்றனர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த விலங்கின் இரைப்பையில் இருந்தது.

கடல் முயல் நத்தையின் உறவினம். அதன் ஓடு உடலுக்கு வெளியே தெரியாது. மெலிந்து, தசைக்குள் புதைந்து, தகடுபோல் கிடக்கும். தலையில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு உணர்கொம்புகள் முயலின் காதுகளை ஒத்திருப்பதால் இந்தப் பெயர். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இருக்கும். சிறு உயிர்களை வேட்டையாடாமல் பாசியையே மேய்ந்து வாழும். தொல்லைப்படுத்தினால் செவ்வூதா நிறத்தில் மையைக் கக்கும். மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பாசிப்படுகைகளிலும் இது வாழ்கிறது.

பெயர்களின் வழித்தடம் கவனிக்கத்தக்கது. தமிழில் வழங்கும் ‘கடல் முயல்’ மொழிபெயர்ப்புச் சொல். கிரேக்கர் இதனை ‘லகோஸ் தலாஸியோஸ்’ என்றனர். உரோமர் ‘லெபுஸ் மரீனுஸ்’ என்றனர். சீனத்திலும் ‘ஹாய்த்து’ என்பது கடல் முயலே. சப்பானியர் மட்டும் வேறு வகையில் பார்த்தனர். அவர்கள் மொழியில் இது ‘அமெஃபுராஷி’, அதாவது மழையைப் பொழிவிப்பது. நீரில் பரவும் ஊதா மை அவர்கள் கண்ணுக்கு மழைமேகமாய்த் தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் சூட்டிய ‘அப்ளீசியா’ என்னும் அறிவியற்பெயருக்குக் கிரேக்க வேர்ப்பொருள் கழுவ இயலாதது, அழுக்கானது என்பதாகும். இன்னொரு பேரினமான ‘டோலபெல்லா’வின் பெயர், உள்ளோட்டின் வடிவைக் கண்டு இட்ட ‘சிறுகோடரி’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். காது, மேகம், அழுக்கு, கோடரி என இத்தனையும் பெயரில் ஏறின. பாசி மட்டும் எந்தப் பெயரிலும் இடம்பெறவில்லை.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி தமது இயற்கை வரலாற்று நூலில் கடல் முயலைப் பற்றி எழுதும்போது இந்தியக் கடலைக் குறிப்பிடுகிறார். அங்கே வாழும் கடல் முயலைத் தொட்டாலே வாந்தியும் வயிற்றுக் கலக்கமும் உண்டாகும் என்பது அவர் கேள்விப்பட்டது. உரோமப் பேரரசன் டைட்டஸை அவன் தம்பி டொமிஷியன் கடல் முயலின் நஞ்சால் கொன்றான் என்னும் கதையைப் பிலோஸ்திராத்தஸ் பதிவுசெய்தார். ஒருவர் வீட்டில் இந்த விலங்கு இருந்தால் அவர் நஞ்சு காய்ச்சுகிறார் என்றே ஊர் எண்ணிய காலம் அது.

அந்த எண்ணத்தின் வலையில் சிக்கியவர் வட ஆப்பிரிக்க எழுத்தாளர் அபுலேயஸ். செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மந்திரத்தால் மயக்கி மணந்துகொண்டார் என்று கி.பி. 158-159 அளவில் சப்ராத்தா நகரில் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் விசித்திரமான மீன்களையும் கடல் முயலையும் தேடி வாங்கினார் என்பது சான்றுகளுள் ஒன்று. தாம் இயற்கையை ஆராய்பவர் என்று வாதிட்ட அபுலேயஸ், அந்த விலங்கை அறுத்துப் பார்த்ததையும் அதன் வயிற்றில் பன்றியின் கணுவெலும்பு போன்ற 12 சிறு எலும்புகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்ததையும் எடுத்துரைத்தார். எலும்பே இல்லாத உடலின் வயிற்றில் எலும்பு எப்படி வந்தது என்பது அவருக்கு வியப்பு. அவை எலும்புகள் அல்ல. கடினமான பாசியை அரைப்பதற்கென அரைவைப்பையில் அமைந்த பற்கள். நஞ்சைத் தேடிய வழக்கில் முன்வைக்கப்பட்டது, உண்மையில், ஒரு மேய்ச்சல் விலங்கின் அம்மிக்கல்.

நஞ்சு என்ற நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. ‘லாரன்சியா’ போன்ற சிவப்புப் பாசிகள் தம்மைத் தின்ன வருபவற்றை விரட்ட புரோமின் கலந்த வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன. கடல் முயல் அவற்றைத் தின்று, அந்தப் பொருள்களைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 1960களில் சப்பானிய வேதியியலாளர்கள் கடல் முயலிலிருந்து ‘அப்ளிசின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே பொருள் லாரன்சியாவிலும் இருப்பது பின்னர்த் தெரிந்தது. ஊதா மையின் கதையும் இதுவே. சிவப்புப் பாசியின் நிறமியைச் செரித்தே கடல் முயல் அந்த மையை ஆக்குகிறது. சிவப்புப் பாசி கிடைக்காமல் பச்சைப் பாசியை மட்டும் தின்று வளர்ந்த கடல் முயலை எவ்வளவு தொந்தரவு செய்தாலும் ஊதா மை வருவதில்லை. பிளினி அஞ்சிய நஞ்சும் சப்பானியர் கண்ட மழைமேகமும் பாசியிடமிருந்து பெற்ற கடன்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கடல் முயல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. வியன்னாவில் 1929-இல் பிறந்து, நாசிகளின் ஆட்சிக்குத் தப்பி 1939-இல் அமெரிக்காவுக்குப் போன யூதச் சிறுவர் எரிக் காண்டல், பின்னாளில் மருத்துவராகி, நினைவு என்பது மூளையில் எவ்வாறு பதிகிறது என்னும் வினாவைக் கையில் எடுத்தார். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அங்கே தொடங்கினால் வழி தவறிவிடும். கடல் முயலின் நரம்பு மண்டலத்தில் இருப்பவையோ ஏறக்குறைய 20,000 செல்கள்தாம். அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. 1962-இல் பாரிசுக்குச் சென்று லாடிஸ்லாவ் டவுக்கிடம் இந்த விலங்கோடு பணியாற்றக் கற்றுக்கொண்டார் காண்டல். தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும் எளிய அனிச்சைச் செயலில், பழக்கமும் அச்சமும் எப்படிப் பதிகின்றன என்பதைச் செல் செல்லாகப் பின்தொடர்ந்தார். அந்த ஆய்வுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் புகழ்பெற்ற கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. காண்டலின் ஆய்வுக்கு வேண்டிய விலங்குகள் கலிபோர்னியக் கடலிலிருந்து பிடித்து வரப்பட்டன. கடலில் பிடித்த விலங்கின் வயது தெரியாது. அது முன்பு எதை அனுபவித்தது, எதைத் தின்றது என்பதும் தெரியாது. கற்றலை ஆராய்பவருக்கு இது பெரிய குறை. நரம்பு மண்டலம் எப்படி வளர்கிறது என்று பார்க்கவோ முட்டையிலிருந்தே விலங்கை வளர்த்தாக வேண்டும். கடல் முயல் கோடிக்கணக்கில் முட்டையிடும். ஆனால் பொரித்த குஞ்சுகள் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பருவம் மாறாமலே மடிந்தன.

1974-இல் ஆர்னல்டு கிரீக்ஸ்டைன், வின்சென்ட் காஸ்டெலூச்சி, எரிக் காண்டல் மூவரும் அந்தத் தடையைக் கடந்த செய்தியை வெளியிட்டனர். நீரில் மிதந்து வாழும் இளம் உயிரிகளுக்கு நுண்பாசிகளை ஊட்டினர். 34 நாள்கள் கடந்ததும் அவை தரையில் இறங்கி உருமாற ஆயத்தமாயின. அப்போதும் வெறுந்தரையில் அவை உருமாறவில்லை. லாரன்சியா என்னும் சிவப்புப் பாசியின்மேல் பட்டவுடன்தான் நீந்தும் உறுப்பைக் களைந்து, ஊர்ந்து மேயும் விலங்காயின. கடலில் மிதக்கும் ஒரு நுண்ணுயிர், தனக்கான மேய்ச்சல் நிலம் இதுதான் என்று பாசியைத் தொட்டு அறிந்த பிறகே வளர்கிறது. குழந்தைப் பருவத்தின் வாயிற்கதவுக்குச் சாவி பாசியிடம் இருந்தது.

இதற்குப் பின்னர்தான் கூண்டு வளர்ப்பு முறையாக நிலைபெற்றது. மயாமி பல்கலைக்கழகத்தின் கடலறிவியல் பள்ளியில், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியோடு, கடல் முயல் வளர்ப்புக்கென்றே ஒரு தேசிய நிலையம் அமைந்தது. குளிர்ந்த கடல்நீர் ஓடும் தொட்டிகளுக்குள் கூண்டுகள். கூண்டுகளுக்குள் வயது வாரியாகப் பிரித்த விலங்குகள். உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்கு முட்டை முதல் முதிர்ந்த விலங்கு வரை அங்கிருந்து அனுப்பப்படுகின்றன. அந்த நிலையத்தின் அன்றாட வேலையில் பெரும்பங்கு பாசி வளர்ப்பு. ‘கிராசிலேரியா’, ‘அகார்தியெல்லா’ என்னும் சிவப்புப் பாசிகளைத் தனித் தொட்டிகளில் பயிரிட்டு அறுத்துப் போடுகிறார்கள். எந்தப் பாசி, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைப் பொறுத்தே விலங்கின் எடையும் அது பருவம் எய்தும் காலமும் அமைகின்றன. விலங்குப் பண்ணை என்று பெயர் பெற்ற அந்த இடம் பாதிக்குமேல் பாசிப் பண்ணை.

இதே பாடத்தை மருந்தியலாளர்கள் வேறொரு வழியில், இன்னும் கடினமாகக் கற்றனர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பெட்டிட் 1972-இல் மொரீசியஸ் தீவருகே டோலபெல்லா கடல் முயல்களைச் சேகரித்தார். அவற்றின் சாற்றுக்குப் புற்றுநோய்ச் செல்களை அடக்கும் வலிமை இருந்தது. அந்த வலிமைக்குரிய பொருளைப் பிரித்து, அதன் கட்டமைப்பை உறுதிசெய்து ‘டோலஸ்டேட்டின் 10’ என்று 1987-இல் அறிவிக்க 15 ஆண்டுகள் ஆயின. டன் கணக்கில் விலங்குகளைச் செலவிட்டும் கிடைத்தது மில்லிகிராம் அளவுதான். மருந்துக்காகக் கடலை வழித்தெடுத்தாலும் ஒரு மருத்துவமனைக்குக்கூடப் போதாது.

அப்படியானால் கடல் முயலைக் கூண்டில் ஆயிரக்கணக்கில் வளர்த்து மருந்து எடுக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். விடை 2001-இல் கிடைத்தது. பலாவ் தீவுகளில் எடுத்த ‘சிம்ப்ளோக்கா’ என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரிலிருந்து டோலஸ்டேட்டின் 10 நேரடியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. கடல் முயல் அதனை உண்டாக்கவில்லை. மேயும்போது விழுங்கித் தேக்கி வைத்திருந்தது. சிவப்புப் பாசியை மட்டும் போட்டுக் கூண்டில் கொழுக்க வளர்த்த கடல் முயலிடம் அந்த மருந்தை எதிர்பார்க்க வழியில்லை. முடிவில் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறின் சாயலில் செயற்கையாகவே ஒன்றை ஆக்கி, எதிர்ப்புப் புரதத்தோடு இணைத்தனர். ‘பிரெண்டக்சிமாப் வெடோட்டின்’ என்னும் அந்த மருந்து 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோயாளிகளுக்கு இன்று வழங்கப்படுகிறது.

ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே, கடல் முயலை வளர்க்கவும் உண்ணவும் செய்த மக்களும் உண்டு. தென்கிழக்குச் சீனாவின் சியாமென் கரையோரத்தில் ‘பர்சட்டெல்லா’ இனக் கடல் முயலை அதன் முட்டைச் சரங்களுக்காகவே வளர்த்தனர். உலர்ந்த சரங்கள் ‘ஹாய்ஃபென்’ என்ற பெயரில் உடற்சூட்டைத் தணிக்கும் உணவாக விற்றன. பிலிப்பைன்சின் விசாயாத் தீவுகளில் டோலபெல்லா இடும், சேமியாவைச் சுருட்டி வைத்தாற்போன்ற முட்டைத்திரளுக்கு ‘லுகோட்’ என்று பெயர். அதனைக் காடியில் ஊறவைத்து உண்பது அங்குள்ள கரையோர வழக்கம். விலங்கைக் கொல்லாமல், இட்ட முட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை இது. காட்டுநிலையில் கிடைப்பது குறையும்போது, கூண்டில் அடைத்துப் பல்வேறு பாசிகளைப் போட்டு எதில் நன்கு வளர்கிறது என்று பார்க்கும் ஆய்வு இயல்பான அடுத்த படி. அந்தக் கரைகளில் பாசி வளர்ப்பு முன்னரே வேரூன்றியிருந்தது அதற்கு வாய்ப்பாயிற்று.

அந்தப் பாசி வளர்ப்புதான் பிலிப்பைன்சையும் இராமநாதபுரத்தையும் இணைக்கும் கயிறு. 1960களின் பிற்பகுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி தென் பிலிப்பைன்சில் ஒரு சிவப்புப் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் முறையைப் பரப்பினார். அந்தப் பணியில் உடனுழைத்த விசென்டே அல்வாரெசின் பெயரால் அது ‘கப்பாபைக்கஸ் அல்வரேசி’ ஆனது. ஐசுகிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் என்னும் பசைப்பொருள் இதிலிருந்து வருகிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இந்தப் பாசியை இந்தியாவுக்குக் கொணர்ந்து, 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பின் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இறங்கியது. மூங்கில் மிதவை கட்டி, 45 நாளில் அறுவடை செய்யும் தொழில் மகளிர் குழுக்களிடம் பரவியது. அறிவியற்பெயர் அல்வாரெசை நினைவுகூர, கரையோரத் தமிழ் அதற்கு ‘பெப்சி பாசி’ என்று பெயரிட்டது. விதை எங்கிருந்து வந்தது என்பது ஒரு பெயரில் இருக்கிறது. விலை எவர் கையில் இருந்தது என்பது மற்றொன்றில் இருக்கிறது.

இராமநாதபுரம் கரைக்குத் தன் சொந்தப் பாசிகள் இல்லாமல் இல்லை. 1927-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது; அந்தத் தீவின் பாசிகளை எழுதியவர் எம்.ஓ.பி. ஐயங்கார். 1966 முதல் பாசிச் சேகரிப்பு பெரிய வணிகமாயிற்று. அகார் எடுக்க மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரையும் கரையேறின. கஞ்சி காய்ச்சப் பயன்பட்டதால் பெயர் பெற்ற கஞ்சிப்பாசி, மயாமியில் கடல் முயலுக்குத் தீனியாகும் அதே கிராசிலேரியாப் பேரினத்தைச் சேர்ந்தது. 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதனைத் தென்னங்கயிற்று வலைகளில் மண்டபத்திலேயே வளர்த்துக் காட்டியது.

இந்தப் பாசிகளைக் கடலில் மூழ்கி எடுத்தவர்கள் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் தொழில் அது. 1986-இல் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவானபோது, அவர்கள் பறித்த இடங்கள் தடைசெய்யப்பட்ட பகுதிகளாயின. தடையை எதிர்த்துப் பேசியதோடு அந்தப் பெண்கள் நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள்களே பறிப்பது, வேரோடு பிடுங்காமல் மீண்டும் தழைக்க விடுவது என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்தனர். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தபோதுதான் இந்த முறை வெளியுலகின் கண்ணில் பட்டது. எந்தப் பாசி எந்தப் பாறையில், எந்தப் பருவத்தில் தழைக்கும், எதனை எது மேயும் என்பது அவர்கள் அன்றாடம் கண்டறிந்த செய்தி. மயாமியின் தொட்டிகளில் பெருஞ்செலவில் கற்ற அறிவின் ஒரு பகுதி அது.

பெப்சி பாசியோ எதிர்பாராத திசைகளில் சென்றது. அது பவளப் பாறைகளின் மேல் படரக்கூடும் என்ற அச்சத்தால் 2005-இல் தமிழ்நாடு அரசு அதன் வளர்ப்புப் பகுதியை வரையறுத்தது. 2008-இல் குருசடைத் தீவின் பவளங்களின்மேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினர். எண்பது ஆண்டுகளுக்கு முன் உயிரினப் பட்டியல் எழுதப்பட்ட அதே தீவு. 2013-க்குப் பிறகு வெப்பத்தாலும் நோயாலும் பயிர் பெருமளவில் அழிந்தது. ஒரே விதைக்கால் வழியில் வந்த பயிர் ஒரே அடியில் சாய்ந்தது. 2021-இன் ஒன்றிய நிதிநிலை அறிக்கை தமிழ்நாட்டில் பன்னோக்குப் பாசிப் பூங்கா அமையும் என்று அறிவித்தது.

கடல் முயலுக்கு மன்னார் வளைகுடாவில் சந்தை இல்லை. ஆயினும் அது என்றும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2002-இல் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் கதிரேசனும் உடன் ஆய்வாளர்களும், பர்சட்டெல்லாவின் ஊதா நீரில் எச்.ஐ.வி.க்கு எதிராகச் செயல்படும் புரதங்கள் இருப்பதை ஆய்வுக்கூட அளவில் கண்டு எழுதினர். ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்குப் போகும் வழி நீண்டது. சந்தைக்குப் போகும் வழி சில வேளைகளில் மிகக் குறுகியது. கடல் அட்டை அதற்குச் சான்று. அயல்நாட்டு விலை ஏறியதும் அது கரையெங்கும் வாரப்பட்டது. தூத்துக்குடியில் 1988-இலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தும், வளர்ப்பு பரவும் முன் பிடிப்பு பரவிவிட்டது. 2001-இல் முழுத் தடை வந்தது. அதனை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர்.

கடல் முயலின் வரலாறு வேறு வரிசையைக் காட்டுகிறது. கிரீக்ஸ்டைன் பாசியைக் கொடுத்த பிறகே குஞ்சு வளர்ந்தது. மயாமியில் பாசி பயிரான பிறகே கூண்டு நிறைந்தது. சிம்ப்ளோக்காவைக் கண்ட பிறகே மருந்தின் பிறப்பிடம் விளங்கியது. முதலில் படுகை, பிறகு பாசி, பிறகு விலங்கு, கடைசியில் சந்தை. இராமநாதபுரம் கரையில் இந்த வரிசையின் முதல் இரண்டு படிகளையும் அறிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் கடலில் மூழ்குகிறார்கள். நாளை அந்தக் கடலில் எந்தக் கூண்டை இறக்க எவர் திட்டமிட்டாலும், கூண்டுக்குள் என்ன தீனி போடுவது என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டுத் தொடங்குவதே முறையாகும்.